மன அழுத்தத்திற்காக மருத்துவ விடுப்பு எடுப்பது எப்படி? டெல்டா மாவட்டங்களில் பணிபுரிவோருக்கான வழிகாட்டி

மன அழுத்தம் முற்றி வேலைக்குப் போகவே முடியாத நிலைக்கு வந்தவர்களில் பலர் விடுப்பு விண்ணப்பம் எழுதுவதில்லை. நேராக ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார்கள், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இரண்டுமே விலை அதிகமான முடிவுகள். தூக்கமில்லாத மனநிலையில் எழுதிய ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது எளிதன்று. தகவல் சொல்லாமல் நின்றவருக்கு வீட்டு முகவரிக்குக் குறிப்பாணை வருகிறது. அரசு அலுவலகம், வங்கி, பள்ளி, ஜவுளிக்கடை, அரிசி ஆலை, நிதி நிறுவனம் என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்களில் எங்கு வேலை பார்த்தாலும், இந்தக் காரணத்திற்காக முதன்முறையாக விடுப்புக் கேட்கப்போகிறவர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். முதலில் மருத்துவர், அடுத்து சான்று, அதன்பிறகே அலுவலகம் என்னும் வரிசையை மாற்றாமலிருந்தால் பாதிச் சிக்கல்கள் எழுவதேயில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் விடுப்பு, சான்று, மேலாளர் எதைப் பற்றியும் இப்போது யோசிக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 108ஐ அழைத்தாலும் வருவார்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். விடுப்புக் கடிதத்தைப் பிறகு வீட்டார் கொடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போவது

வேலைப் பளுவால் வரும் சலிப்பு ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்தால் தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, முன்பு பிடித்திருந்த எதிலும் மனம் ஒட்டாமல், காலையில் அலுவலக வாசலை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது ஓய்வு மட்டும் கொடுத்துச் சரியாகும் நிலை அன்று. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. நம் பக்கத்தில் இதற்கென்று சில பருவங்களே உண்டு. வடகிழக்குப் பருவமழையும், சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான கடைசித் தேதியும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் சான்றுக்கு வரும் கூட்டமும் ஒன்றாக மோதும் அக்டோபர், நவம்பரில் கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கப் பணியாளர்களும், கணக்கு முடிக்கும் மார்ச்சில் வங்கியினரும், பொதுத்தேர்வுக் காலத்தில் ஆசிரியர்களும் நொறுங்கிப் போகிறார்கள். சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதே பெரும்பாலோர் வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்கவில்லை. தொடக்கத்தில் சில வாரங்களில் தேறக்கூடியது, ஒரு சீசன் தள்ளிப்போனால் பல மாதங்களை விழுங்கிவிடும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் புறநோயாளியாகப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்ற ஒன்று நாடு முழுவதும் செயல்படுகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அத்திட்டத்திற்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு அத்திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் கும்பகோணத்தார் திருச்சிக்கும் திருவாரூர்க்காரர் தஞ்சைக்கும் போவது சகஜம்தான், அதில் தவறொன்றுமில்லை. மறுபரிசோதனைக்கும் அதே இடத்திற்கு அலைய முடியுமா என்பதை மட்டும் எண்ணிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

போகும்போது ஒரு தாளில் சிலவற்றை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, எத்தனை மணி நேரம் வேலை, வேலையில் என்ன மாறியது, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா என்பனவெல்லாம் மருத்துவருக்குத் தேவை. தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும்கூட இதே களைப்பையும் சோர்வையும் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேச்சின் முடிவில், வேலைக்குப் போகும் நிலையில் நான் இல்லை என்று நினைக்கிறேன், ஓய்வு தேவையா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கூச்சத்தில் இதைக் கேட்காமல் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் சான்றுக்காக மீண்டும் வரிசையில் நிற்பவர்கள் அதிகம். புறநோயாளிச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். பின்னால் கேள்வி எழுந்தால் சான்றைவிட இவையே வலுவான ஆதாரம்.

சான்றில் என்ன இருக்க வேண்டும்

பதிவு பெற்ற மருத்துவர் தரும் சான்றே விடுப்புக்குச் செல்லும். மனநல ஆலோசகரிடமும் உளவியலாளரிடமும் பேசுவது சிகிச்சைக்கு மிகவும் உதவும், ஆனால் விடுப்புக்கான சான்றை மருத்துவரிடமிருந்தே பெற வேண்டும். சான்றில் உங்கள் பெயர், கையொப்பம், நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு, மருத்துவரின் பதிவு எண், முத்திரை ஆகியவை இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களுக்கு இதற்கென்று படிவமே உண்டு; அதை அலுவலகத்திலோ நகலகத்திலோ வாங்கி எடுத்துச் செல்வது வழக்கம்.

வேலைச் சலிப்பு என்று மருத்துவர் எழுதுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே பணிச்சோர்வு, பணியிடத்தில் நிகழும் ஒரு நிலை என்றுதான் இடம்பெற்றிருக்கிறதே தவிர, நோயாக அன்று. ஆகவே மனச்சோர்வு நோய், பதற்றக் கோளாறு, சூழலுக்கு இணங்க முடியாமையால் வரும் கோளாறு என்று மருத்துவர் எதைக் கண்டறிந்தாரோ அதையே எழுதுவார்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. மனநலப் பிரிவின் சான்றைக் கொடுக்கத் தயங்கி, தெரிந்த மருத்துவரிடம் டைபாய்டு என்றோ மஞ்சள் காமாலை என்றோ எழுதி வாங்குவது. தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். விடுப்பை நீட்டிக்கும்போது டைபாய்டை எத்தனை மாதம் நீட்டிக்க முடியும்? சான்றைச் சரிபார்க்க மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால், சான்று ஒன்று சொல்ல, சாப்பிடும் மாத்திரை வேறொன்று சொல்லும். பின்னாளில் மருத்துவக் காப்பீட்டிலும் முரண்பாடு தெரியும். உண்மையான நோய்க்குப் பொய்ச் சான்று வாங்கி, நேர்மையாகக் கிடைக்கக்கூடிய விடுப்பையே ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக மாற்றிக்கொள்வது அறிவீனம் என்றே சொல்வேன்.

எத்தனை நாள் கேட்பது? மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் பொதுவாகத் தரப்படும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் மந்தமும் சிலருக்குக் கூடுதலாகவே இருக்கும். மூன்று நாள் விடுப்பு எடுத்து, மாத்திரை வேலை செய்வதற்கு முன்பே இருக்கைக்குத் திரும்புவதால் பயனில்லை. மருத்துவர் குறித்துக் கொடுக்கும் மறுபரிசோதனைத் தேதி வரை முதல் விடுப்பும், தேவைப்பட்டால் அங்கிருந்து நீட்டிப்பும் என்று அமைத்துக்கொள்வது ஒரே மூச்சில் இரண்டு மாதம் கேட்பதைவிட நடைமுறைக்கு ஏற்றது.

எந்த விடுப்பு, எவ்வளவு

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. விடுப்பைப் பற்றி அச்சட்டம் நேரடியாகப் பேசவில்லை. ஆனால் விடுப்பு விதிகள் நோய் என்றே சொல்கின்றனவே ஒழிய, உடலில் வரும் நோய் என்று எங்கும் குறுக்கவில்லை.

தமிழக அரசு ஊழியர்களுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு உண்டு. பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஏற்ப அதன் அளவு கூடும். பணிக்காலம் முழுவதற்கும் அதிகபட்சம் 540 நாட்கள். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அதை மருத்துவ விடுப்போடு ஒட்டி எடுக்க முடியாது என்பதால், இரண்டு மூன்று நாள் தற்செயல் விடுப்பில் இருந்துவிட்டு அதன் தொடர்ச்சியாக மருத்துவ விடுப்புக்கு எழுதினால் எழுத்தர் திருப்பி அனுப்புவார். முதல் நாளிலிருந்தே மருத்துவ விடுப்பாக எழுதுங்கள். பொதுத்துறை வங்கிகளில் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 30 நாள் அரைச் சம்பள நோய்விடுப்புச் சேரும். இரு மடங்கு நாட்களைக் கழித்துக்கொண்டு முழுச் சம்பளத்தில் எடுக்கவும் வழியுண்டு.

கடை, நிதி நிறுவனம், தனியார் அலுவலகம் ஆகியவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமக்கு விடுப்பே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய்விடுப்பும், 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தருகிறது. ஓராண்டு முடித்தவர்களுக்கு மேலும் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. தஞ்சை ஐயன்கடைத் தெருவில் துணிக்கடையில் நிற்பவருக்கும் இது பொருந்தும். தராவிட்டால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அங்குதான் உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய்ப்படி கிடைக்கும். அது சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால் 350 ரூபாய். பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் வராது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் பலன் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்கள் தம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற தீவிர நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர் பணி முதலிய நிபந்தனைகளோடு, 80 சதவீத அளவில் நீட்டிக்கப்பட்ட நோய்ப்படியும் இருக்கிறது. சான்றை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் மருத்துவரிடமே பெறுவது வேலையை எளிதாக்கும். மகளிர் குழுக்கடன் வசூலுக்குக் கிராமம் கிராமமாக வண்டியில் சுற்றும் இளைஞர்களுக்கு இந்தப் பத்தி மிகவும் தேவை. தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் இரவு எட்டு மணி வரை உட்காரவைக்கப்படுகிற அவர்களில் பலர், மாதாமாதம் தம் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிற இந்தத் தொகை எதற்கென்றே அறியாமல் வேலையை விட்டுப் போகிறார்கள்.

கொள்முதல் நிலையச் சுமைப்பணி, ஆலைக் கூலி, தினக்கூலி வேலைகளில் ஈ.எஸ்.ஐ.யும் இல்லையென்றால் ஓய்வு என்பது கூலியில்லாத ஓய்வுதான். அங்கே அரசு மருத்துவமனையின் இலவச மருந்தும், மேஸ்திரியிடம் நாளைக் குறித்துச் சொல்லிவிட்டுப் போவதும் மட்டுமே கைவசம் உள்ளவை.

கடிதமும் பேச்சும்

விடுப்புக் கடிதத்தில் உங்கள் துயரத்தை எழுத வேண்டாம். மேலாளர் மீதுள்ள குறையையும் எழுத வேண்டாம். அது புகார் மனுவில் இருக்க வேண்டியது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். இவ்வளவு போதும்:

"ஐயா, மருத்துவக் காரணங்களுக்காக நான் சிகிச்சை பெற்று வருகிறேன். இத்துடன் இணைத்துள்ள மருத்துவச் சான்றின்படி 3ஆம் தேதி முதல் 22ஆம் தேதி வரை 20 நாட்களுக்கு மருத்துவ விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பொறுப்பிலுள்ள பதிவேடுகளையும் சாவிகளையும் பட்டியலிட்டு ஒப்படைத்துள்ளேன். அவசரத் தொடர்புக்கு எனது வீட்டு எண்ணைக் கீழே குறித்துள்ளேன்."

ஒப்படைப்பைப் பற்றிய அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ரொக்கம், ரசீதுப் புத்தகம், வசூல் நிலுவை, முத்திரை, கடவுச்சொல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டே படுத்துவிட்டால், நோயாளி என்று பார்ப்பதற்குப் பதிலாகக் கையாடல் செய்தவர் என்று பார்க்கும் நிலை வரலாம். எழுந்து போக முடியாத நிலையென்றால் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பி, பட்டியலில் இருவர் கையெழுத்தோடு ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அல்லது ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். களஞ்சியம் செயலி வழியே விடுப்பு எழுதும் அரசு அலுவலகங்களில் அதிலும் பதிந்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, நீல நிறக் குறி விழுந்துவிட்டது என்று நிம்மதியடைவது போதாது. தகவலாக அது சரி, விண்ணப்பமாக ஆகாது.

நேரில் பேச வேண்டி வந்தால் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். "சார், டாக்டர் இருபது நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க, சான்று வெச்சிருக்கேன், ரிஜிஸ்டர் எல்லாம் ஒப்படைச்சிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். "என்னய்யா ஆச்சு, நல்லாத்தானே இருந்தே?" என்று அக்கறையோடோ சந்தேகத்தோடோ கேட்டால், "ட்ரீட்மென்ட்ல இருக்கேன் சார், சான்றுல எழுதியிருக்காங்க" என்பதே போதுமான விடை. உங்களைப் பற்றி வெளியில் சொல்லாமலிருக்கும் கடமையை மனநலச் சட்டம் சிகிச்சை தருவோர்மீதுதான் சுமத்துகிறது. உங்கள் பிரிவு எழுத்தரை அது கட்டுப்படுத்தாது. ஆகையால் சான்றை மூடிய உறையில் வைத்து, அலுவலகத் தலைவரின் பெயருக்கு, தனிப்பட்டது என்று மேலே எழுதிக் கொடுப்பது நல்லது. முழு மருத்துவக் கோப்பையும் யார் கேட்டாலும் தர வேண்டாம். சான்று மட்டும் போதும்.

விடுப்பு மறுக்கப்பட்டால் வாய்மொழியில் வாதாடாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுப் பணியில் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பது உண்மைதான். சான்றில் ஐயம் இருந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரமுண்டு. அனுப்பினால் போய் நில்லுங்கள், மருந்துச் சீட்டுகள் உங்களுக்காகப் பேசும். அனுமதி வராத கோபத்தில் வெறுமனே நின்றுவிடுவதுதான் பெருந்தண்டனைக்கு வழிவகுக்கும் ஒழுங்கு நடவடிக்கையான 17(ஆ) குறிப்பாணை வரை இழுத்துச் செல்கிறது. நோய் நீடித்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016 சொல்லும் அளவுக்குப் போனவர்களுக்கு வேறொரு பாதுகாப்பும் இருக்கிறது: பணிக்காலத்தில் அத்தகைய நிலைக்கு ஆளான அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அதில் மனநோயும் அடங்கும்.

விடுப்பில் இருக்கும்போது

மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தூக்கம் வந்துவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்துவோரே மறுபடி விழுகிறார்கள். உறவினர்கள் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கச் சொல்வார்கள், நாகூர் தர்காவுக்கு அழைப்பார்கள். நம்பிக்கை இருந்தால் போய்வாருங்கள், மாத்திரைப் பையும் கூடவே வரட்டும். மருத்துவ விடுப்பில் வேறு வேலை பார்ப்பதும், தனிப்பயிற்சி வகுப்பு எடுப்பதும் கூடாது. முகூர்த்த மாதமென்றால் கல்யாண வீட்டுப் புகைப்படங்களிலும் கொஞ்சம் கவனம் தேவை. ஆற்றங்கரையில் நடப்பதற்கோ கோயிலுக்குப் போவதற்கோ எந்தத் தடையும் இல்லை, மருத்துவரே அதைத்தான் சொல்வார்.

பெண்களின் விடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலிருக்கிறாள் என்றதும் மாமியாரின் கண் பரிசோதனை முதல் நெல் அவிப்பது வரை அத்தனை வேலையும் அந்த இருபது நாளுக்காகக் காத்திருந்தது போல வந்து நிற்கும். மறுபரிசோதனைக்குக் கணவரையோ தாயையோ உடன் அழைத்துச் சென்று, ஓய்வு என்றால் என்ன என்பதை மருத்துவர் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லவைப்பதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை.

பணிக்குத் திரும்புதல்

விடுப்பு முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தேறவில்லையென்றால் நீட்டிப்புச் சான்று, தேறிவிட்டால் உடற்தகுதிச் சான்று. இரண்டில் ஒன்று கையில் இல்லாமல் விடுப்பின் கடைசி நாளைக் கடக்கவிடக் கூடாது. மருத்துவ விடுப்பில் சென்ற அரசு ஊழியர் தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேர முடியாது. ஈ.எஸ்.ஐ.யில் கடைசிச் சான்றைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

சில மாத்திரைகள் காலையில் மயக்கம் தரும். ஆலையில் இயந்திரத்தின் அருகில் நிற்பவரும், நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவரும் இதை மருத்துவரிடம் சொன்னால் வேளையை மாற்றித் தருவார். முதல் இரண்டு வாரம் வெளிவசூல் வேண்டாம், இரவுப் பணி வேண்டாம் என்பது போன்ற பரிந்துரை தேவையென்றால், அதையும் தகுதிச் சான்றிலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் கேட்டால் சலுகை என்பார்கள், மருத்துவர் எழுதினால் அது நிபந்தனை.

அடுத்த மறுபரிசோதனைகள் வேலை நாளில்தான் வரும் என்பதால், மிச்சமிருக்கும் தற்செயல் விடுப்புகளை அவற்றுக்காக ஒதுக்கி வையுங்கள். சேர்ந்த ஒரு மாதத்திற்குள் பணிப்பதிவேட்டில் விடுப்பு முறையாகப் பதிவாகியிருக்கிறதா, எந்த வகை விடுப்பென்று எழுதியிருக்கிறார்கள், எத்தனை நாள் கழித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அனுமதி ஆணையின் நகலையும் கேட்டு வாங்கி, மருந்துச் சீட்டுகளோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.